அண்ணன் கேட்ட மன்னிப்பு

தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில், நாலு லயத்து வரிசை வீட்டுச் சனங்களும் கூடியிருந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம், என் அண்ணன் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு தங்கையான எனக்காக மன்னிப்புக் கேட்டார். "சின்னப் புள்ளதாங்க. தெரியாம எழுதிருச்சு. மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அவர் மன்னிப்புக் கேட்ட அந்த எழுத்தில் ஒரு சொல்கூட என்னுடையதில்லை. அத்தனையும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையின் மலைநாட்டில், பசறைக்கு மேலே, பஸ் இறங்கி இரண்டு மைல் நடக்கிற தூரத்தில் இருந்தது. அப்பா நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மாவும் நானும் மலையில் கொழுந்து எடுத்தோம். அண்ணன் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இலை வாட்டும் தட்டில் வேலை பார்த்தார். கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் படிப்பார். சீனி சுற்றி வந்த பேப்பரைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் போடுவார். கடைசி லயத்தில் ஒரு காம்பிரா, ஒரு குடும்பம் இருக்கிற ஒற்றை அறை, காலியாகக் கிடந்தது. தோட்டத்து மேலாளரான துரையிடம் கேட்டு வாங்கி அதைப் படிப்பகமாக்கினார். மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை வரும். ஒரே ஒரு பிரதிதான். கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருப்போம். அண்ணனுடைய எழுத்தை அவராலேயே திரும்பப் படிக்க முடியாது. என் எழுத்து குண்டு குண்டாக, அச்சுப் போல இருக்கும். அதனால் பத்திரிகை முழுவதையும் நான்தான் எழுதுவேன். லயத்தில் பாதிப் பேருக்கு இந்தியாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

அண்ணன் எதையும் மறைத்துப் பேச மாட்டார். திருவிழாவில் சாமியாடுகிறவரிடமே போய், "அம்மா, இந்த வருசமாவது லயத்துக் கூரைய மாத்தித் தரச் சொல்லி தொரைகிட்ட சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். சனங்கள் சிரித்தார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். "மனசுல பட்டத வாயால சொல்லாதவன் பாதி மனுசன்" என்பார் என்னிடம். அவர் முழு மனிதர் என்று நான் நம்பினேன்.

பிறகு ஒரு பஞ்சம் வந்தது. அரிசியைக் கண்ணில் காண்பதே அரிதாயிற்று. மரவள்ளிக்கிழங்கும் ஒரு பிடிக் கோதுமை மாவும்தான் வாரக்கணக்கில் சாப்பாடு. காலையில் பேர் வாசிக்கிற பெரட்டுக் களத்தில் நிற்கும்போதே சிலர் மயங்கி உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வருடமும் கோயிலில் பொங்கல் நின்றுவிடக் கூடாது என்று கமிட்டி வீடு வீடாக வந்து, ஒளித்துவைத்திருந்த அரிசியை எல்லாம் வாங்கிப் போனது. பொங்கிய சோற்றை அம்மன் முன்னால், திரை மறைவில், வாழையிலையில் மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். பக்கத்து லயத்துப் பெண்ணின் நாலு வயது மகள் திரைக்கு அடியில் கையை விட்டு ஒரு கவளம் எடுத்துவிட்டாள். பூசை முடியவில்லை. தாயே ஓடிப்போய், பிள்ளையின் வாயில் விரலை விட்டு அந்தச் சோற்றை வெளியே எடுத்தாள். எடுத்துவிட்டு அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் அண்ணனும் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

மறுநாள் ஞாயிறு. அண்ணன் எங்கள் வீட்டுக் காம்பிராவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு சொன்னார், நான் எழுதினேன். அம்மா அடுப்படியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். 'எனக்குப் பிடிக்காதது' என்று தலைப்பு. பிள்ளையின் வாயிலிருந்து சோற்றை எடுக்கச் சொல்கிற பக்தி எனக்குப் பிடிக்கவில்லை. அந்தத் தாயைப் பயமுறுத்தி வைத்திருக்கிற சாமியை எனக்குப் பிடிக்கவில்லை. இப்படியே இரண்டு பக்கம் போயிற்று. சாமி என்ற இடத்தில் என் கை நின்றுவிட்டது.

"அண்ணே, சாமி இல்லைன்னு போடுவோமா? பிடிக்கலைன்னா ரொம்பக் கோவப்படுவாங்களே" என்று கேட்டேன்.

"இல்லைன்னு சொல்ல நான் பாத்துட்டா வந்தேன்? எனக்குப் பிடிக்கல. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். தெரிஞ்சத சொல்ல எனக்கு உரிமை இருக்கு. எழுது" என்றார்.

எழுதினேன். அந்த வாக்கியத்தை எழுதி முடித்தபோது, பல நாளாக எனக்குள் பேர் தெரியாமல் கிடந்த ஒன்றுக்குப் பேர் கிடைத்தது போலிருந்தது. கட்டுரையின் கீழே யார் பெயரும் போடவில்லை. எப்போதும் போடுவதில்லை.

ஐந்தாம் நாள் பத்திரிகை ஆணியில் இல்லை. சனிக்கிழமை கோயில் வாசலுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

பெரிய கங்காணிதான் கோயில் கமிட்டித் தலைவர். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். திருச்சியில் இருந்த தங்கள் உறவினருக்கு எழுதித் தரச் சொல்லி அவருடைய மனைவி என்னிடம் கேட்டு வாங்கியது. இன்னும் தபாலில் சேர்க்கவில்லை போலும். அதையும் பத்திரிகையையும் கோயில் படியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே கையி. எழுதுனது நீதானே?"

"ஆமாங்க. என் எழுத்துதான்."

"யாரு சொல்லி எழுதுன? பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு தைரியம் தானா வராது."

நான் அண்ணனைப் பார்த்தேன். மூன்று முழத் தூரத்தில்தான் நின்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்தபோது என் நெஞ்சு பெருமையில் விம்மியது. சொல்லப் போகிறார், நான்தான் சொன்னேன் என்று இந்தச் சனங்கள் முன்னால் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கையைக் கூப்பினார். சின்னப் பிள்ளை, தெரியாமல் எழுதிவிட்டது என்றார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் இருந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டவள் அவள்.

"தெரியாம எழுதலைங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எனக்குப் பிடிக்கல. அதத்தான் எழுதியிருக்கு."

ஏன் அண்ணனைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று பின்னாளில் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பெருந்தன்மை என்று சொன்னால் அது பொய். அந்த நிமிடத்தில் எனக்கு ஆத்திரம்தான் இருந்தது. இவ்வளவு நல்ல வார்த்தைகளை இப்படி நடு வாசலில் விட்டுவிட்டுப் போகிறாரே, இனி இவை அவருடையவை இல்லை என்று தோன்றியது. அவர் கீழே போட்டதை நான் எடுத்துக்கொண்டேன்.

ஈரச் சேலையோடு கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி விழுந்து கும்பிட வேண்டும், அந்தப் பத்திரிகையை நானே கொளுத்த வேண்டும் என்றார்கள். மாட்டேன் என்றேன். பெரிய கங்காணி பத்திரிகையை அண்ணனிடம் நீட்டினார். அவர் வாங்கினார். இரண்டாக மடித்து, எரிந்துகொண்டிருந்த கற்பூரத் தட்டில் வைத்தார். தாள் சுருண்டு கருகும்வரை அவர் தலை நிமிரவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் அம்மா சொன்னாள்: "அவனுக்குக் கணக்கப்பிள்ளை வேலை வரப்போகுது. கங்காணி சொன்னாத்தான் தொரை குடுப்பாரு. அவன் ஆம்பளப் புள்ள. நீ ஒரு கும்புடு போட்டா என்னடி கொறஞ்சிரும்?" அதுவரை அந்த வேலை விஷயம் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு தண்ணீர் பிடிக்கும் பீலியில் நான் குடத்தை வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு விலகி நின்றார்கள். கடிதம் எழுதித் தரச் சொல்லி யாரும் வரவில்லை. அப்புத்தளைப் பக்கமிருந்து வந்திருந்த கல்யாணப் பேச்சு அப்படியே நின்றது. படிப்பகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். மூன்று மாதத்தில் அண்ணன் கணக்கப்பிள்ளை ஆனார். காற்சட்டையும் நீளக் காலுறையும் போட்டு, கையில் கம்போடு மலையில் எங்களை மேற்பார்வை பார்க்க வந்தார். காலையில் பெரட்டில் என் பேரை எல்லாருடைய பேரையும் போலவே வாசிப்பார். என்னிடம் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவார் என்று ஒரு வருடம் காத்திருந்தேன். பிறகு ஒரு நாள், பெட்டியை எடுத்துக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினேன்.

பதுளை பஜாரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை. கொப்பி, பேனை, பள்ளிக்கூடப் புத்தகம் விற்பார்கள். விலைப் பலகை எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் கதை எனக்கு முன்னாலேயே பஜாருக்கு வந்துவிட்டிருந்தது. ஐந்து வேளை தொழுகிற மனிதர். வேலை தரமாட்டார் என்றே நினைத்தேன். அவர் காதுக்கு எட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் நானே சொல்லிவிடலாம் என்று, "எனக்குச் சாமி பக்தி கிடையாதுங்க" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு அது கவலதான் புள்ள. ஒளிக்காம சொன்னீங்களே, அது சந்தோசம். புடிக்கல்ல எண்டா புடிக்கல்ல எண்டு சொல்லுங்க. அது ஒங்கட வாய். நான் தொழப் போற நேரம் கடையப் பாத்துக்கொண்டா போதும்" என்றார். பல வருடம் அவர் தொழப் போனார். நான் கடையைப் பார்த்துக்கொண்டேன். எனக்காக அவர் அல்லாவிடம் துஆ கேட்பது எனக்குத் தெரியும். வேண்டாம் என்று நான் சொன்னதில்லை.

சில வருடங்களில் அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்தது. தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி அவர் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அம்மாவும் அவர்களோடு போவதாக முடிவாயிற்று. நான் தனியாக இலங்கைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்து இங்கேயே தங்கிவிட்டேன். அவர்கள் போகிற அன்று பதுளை ஸ்டேஷனுக்குப் போனேன். தோட்டம் தோட்டமாகச் சனங்கள் வந்து, ரயில்கோச்சி ஜன்னல்களைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அம்மா என் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். அவளை உட்காரவைத்துவிட்டு இறங்கியபோது அண்ணன் பின்னாலேயே இறங்கி வந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. நெற்றியில் விபூதி. என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனார். அவர் உதடுகள் இரண்டு மூன்று தடவை அசைந்து நின்றன. இத்தனை வருடத்துக்குப் பிறகு, இப்போதாவது சொல்லப் போகிறார் என்று எண்ணினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே விட்டிருப்பேன்.

"தங்கச்சி" என்றார் தணிந்த குரலில். "அது நான் சொன்னதுன்னு யார்கிட்டயும் சொல்லிறலயே? அங்க போய் நாளைக்குப் புள்ள வளந்தா சம்பந்தம் பாக்கணும். நம்ம தோட்டத்து ஆளுங்கதான் அங்கயும் இருக்காங்க."

அவர் முகத்தையே பார்த்தேன். கேட்டுவிட்ட வெட்கம்கூட அதில் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

"நீங்க எதுவும் சொல்லலயே அண்ணே" என்றேன். "நான்தானே எழுதினேன்."

"ஆமா" என்றார் உடனே. அவருடைய தோள்கள் தளர்ந்தன. இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது; அந்த 'ஆமா' இன்னும் காதில் இருக்கிறது. என் தலையில் கையை வைத்து, "நல்லாயிரு" என்று சொல்லிவிட்டுக் கோச்சியில் ஏறிக்கொண்டார்.