பசியாற ஐந்து பேர்

போன சனிக்கிழமை சிராங்கூன் ரோட்டில் எங்கள் மளிகைக்கடை பாய் என்னைக் கோபித்துக்கொண்டார்.

எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் கடையில்தான் மாதச் சாமான். ஒரு மூட்டை அரிசி, பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய்... வாய் திறந்து சொல்லக்கூட வேண்டியதில்லை. என் தலை தெரிந்ததும் எடுத்து வைக்கத் தொடங்கிவிடுவார். அன்றைக்கு நான், அரிசி மட்டும் முக்கால் மூட்டை போதும் என்றேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"வேற கடையில வாங்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் மனசு புண்பட்டுவிட்டது என்று தெரிந்தது. அப்படியெல்லாம் இல்லை, வீட்டில் ஓர் ஆள் குறைந்துபோச்சு என்றேன். அதைக் கேட்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது. ஐயையோ, நன்றாக இருக்கிறார், கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார், அவ்வளவுதான் என்று அவசரமாகத் திருத்தினேன்.

யாரைச் சொல்கிறேன் என்று பாய்க்குச் சொல்லவேண்டியதில்லை. என் மனைவி மரகதத்தின் தம்பி, சிங்காரம். மாதாமாதம் என்னோடு கடைக்கு வந்து, அரிசியை ஒரு கை அள்ளி, மோந்து பார்த்து, சரி என்று தலையாட்டுகிறவர் அவர்தான். நான் பணம் கொடுக்கிறதோடு சரி.

பாய் முக்கால் மூட்டையைக் கட்டி வைத்தார். பிறகு, இந்த இரண்டு மாதத்தில் மூட்டை சுருங்கின வீடுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். செம்பவாங்கில் ஒருவர், நீசூனில் இரண்டு பேர், சாங்கியில் ஒரு குடும்பம் அப்படியே...

"பட்டாளம் போறதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க போய் முடிஞ்சிடுவாங்க போலிருக்கு" என்றார்.

வெள்ளைக்காரப் பட்டாளம் சிங்கப்பூரை விட்டுப் போகப்போகிறது என்று செய்தி வந்ததிலிருந்து பத்திரிகையில் பெரிய பெரிய எண்களாகப் போடுகிறார்கள். எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை போகும், எத்தனை கோடி வெள்ளி நஷ்டம்... நானும் தினமும் படிக்கிறேன். தலையும் புரிவதில்லை, வாலும் புரிவதில்லை. முக்கால் மூட்டை மட்டும் நன்றாகப் புரிகிறது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பட்ஜெட் போடுவது மரகதம். நான் ஆமாம் போடுவேன்.

மற்ற வீடுகளில் மாதத்துக்கு மாதம் கணக்குப் பார்ப்பார்கள். மரகதம் வருஷத்துக்கும் சேர்த்துப் பார்ப்பாள். ஏன் என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். சீனப் பெருநாள் வந்தால் கோழியும் முட்டையும் ஏறும், மார்க்கெட்டையும் மூடிவிடுவார்கள். தீபாவளிக்கு முன்னால் வெங்காயம் ஏறும். வருஷக் கடைசி மழையில் மீன் பக்கம் போகமுடியாது. ஜனவரியில் பள்ளிக்கூடச் செலவு மளிகைக் காசைத் தின்றுவிடும். தனித்தனி மாதமாகப் பார்த்தால் எந்த மாதமுமே நமக்கு ஆகாத மாதம்தான் என்றாள். சரிதானே?

ஆகவே டிசம்பர் மாதக் கடைசி ஞாயிறு. மதியச் சாப்பாடு முடிந்ததும் புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் தரையில் உட்காருவாள். எல்லாம் ஆள் கணக்கு. ஓர் ஆளுக்கு மாதத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு எண்ணெய் என்று அவள் சொல்லச் சொல்ல, மூத்த மகள் பெருக்கிக் கொண்டே வருவாள். வீட்டில் ஆறு பேர். நான், மரகதம், பிள்ளைகள் மூன்று பேர், சிங்காரம். கடைசியில் மொத்தத்தை என் சம்பளத்தோடும் சிங்காரம் தருகிற பணத்தோடும் ஒட்டிப் பார்ப்பார்கள். துண்டு விழும். எந்த வருஷம் விழாமல் இருந்தது? மரகதம் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் வெட்டுவாள். நான் ஆமாம் என்பேன்.

இந்தத் தடவை துண்டு பெரிதாக விழும் என்று முன்னாலேயே தெரியும்.

சிங்காரம் பட்டாள டிப்போ ஒன்றில் பெயின்டர். மரகதம் புதுப்பெண்ணாகக் கப்பலேறியபோது துணைக்கு வந்த பையன், பிறகு எங்களோடேயே தங்கிவிட்டார். ஊரில் அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணப் பேச்சை எடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். குடியுரிமைக்கு எழுதிக் கொடுங்கள் என்று நானும் எத்தனையோ தடவை சொன்னேன். டிப்போவில் யார் அத்தான் அதையெல்லாம் கேட்கிறார்கள் என்பார். உண்மைதான், அங்கே யாரும் கேட்கவில்லை. அங்கே வேலை போன பிறகுதான் எல்லாரும் கேட்கிறார்கள். குடியுரிமை இல்லாதவருக்கு வேலை வேண்டுமென்றால் பெர்மிட் வேண்டும். பெர்மிட் வேண்டுமென்றால் முதலில் வேலை வேண்டும். எங்கே போய் முட்டிக்கொள்வது?

மாதாமாதம் அக்கா கையில் அவர் வைக்கும் அறுபது வெள்ளி அத்தோடு நின்றது. கிராஜுவிட்டி என்று ஒரு தொகை வந்தது. அதைக் கொண்டுபோனால் ஊரில் ஒரு சின்னக் கடை வைக்கலாம். இங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் கரைந்துவிடும். பிறகு கடையும் இல்லை, கப்பலும் இல்லை.

அந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்று மரகதம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் போதும் என்பது அவள் கணக்கு. சிங்கப்பூர் முழுக்க அடுக்கடுக்காக வீடு கட்டுகிறார்கள், அத்தனைக்கும் யாராவது பெயின்ட் அடித்துத்தானே ஆகவேண்டும்? ஒரு கான்டிராக்டர் பெர்மிட் வாங்கிக் கொடுக்காமலா போய்விடுவார்? கூடப் பிறந்தவனை ஒரு வருஷம் உட்காரவைத்துச் சோறு போட்டால் நாம் தேய்ந்துவிட மாட்டோம் என்றாள். ஆமாம் என்றேன். அந்த ஆமாம் மனசார வந்த ஆமாம்.

சிங்காரம் பிடிகொடுக்கவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த வருஷப் பட்ஜெட்டை மரகதம் அவருக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தாள்.

ஆட்டுக்கறி இனி மாதத்துக்கு ஒரு ஞாயிறு. நெய் தீபாவளிக்கு மட்டும். நல்லெண்ணெயில் பாதி. என் வெற்றிலை பாக்கு காலி. (என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.) அரிசி ஆறு பேர், பருப்பு ஆறு பேர், மதியம் ஆறு பேர், ராத்திரி ஆறு பேர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். சிங்காரம் வாசலோரம் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மகள் கூட்டி முடித்தாள். துண்டு விழவில்லை! மூன்று வெள்ளி மீதிகூட இருந்தது. மரகதத்தின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

அப்போதுதான் சிங்காரம் கேட்டார்.

"பசியாறதுக்கு எத்தனை பேருக்குப் போட்டிருக்க, அக்கா?"

பசியாறுவது என்றால் சிங்கப்பூரில் காலைச் சாப்பாடு. எங்கள் வீட்டில் அது ரொட்டிக்காரர் கொண்டுவரும் ரொட்டி, டின் பால் ஊற்றின கோப்பி.

"அஞ்சு பேரு" என்றாள் மரகதம்.

"வீட்ல ஆறு பேரு இருக்கோம்."

மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். மரகதம் பேச்சை மாற்றப் பார்த்தாள், சிங்காரம் விடவில்லை. தனக்குச் சோறு போடுவதற்காக அக்கா காலையில் பட்டினி கிடக்கவேண்டாம் என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

மரகதத்துக்குப் பயம் வந்துவிட்டது. கையில் பிடித்துவைத்திருந்த தம்பி நழுவுகிறான் என்கிற பயம். அந்த அவசரத்தில் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது.

"உனக்காகன்னு யாரு சொன்னா? நான் என்னைக்குடா காலையில சாப்பிட்டேன்? இருக்கிற ஆளுல ஒண்ணு குறைச்சுத்தான் வருஷா வருஷம் போடுறேன். வேணும்னா அத்தானைக் கேட்டுப் பாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் என்ன சொல்வது? ஆமாம் என்றால், அவள் இத்தனை வருஷமாகப் பட்டினி என்று அர்த்தம். இல்லை என்றால், இந்த வருஷம் தம்பிக்காகப் பட்டினி என்று அர்த்தம். இரண்டில் எது என்று எனக்குத் தெரிந்திருந்தாலாவது பரவாயில்லை. தினமும் காலையில் என் தட்டில் ரொட்டி வந்தது, தின்றேன், ஆபீசுக்கு ஓடினேன். எதிரில் நின்று பரிமாறினவள் பிறகு சாப்பிட்டாளா இல்லையா... வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கு ஆமாம் வரவில்லை.

சிங்காரம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் தஞ்சோங் பகாரில் என் ஆபீசுக்கு வந்தார். நான் அங்கே ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. டிக்கெட் எழுதுகிற மேஜைக்கு மூன்றாவது மேஜை என்னுடையது. நாகப்பட்டினத்துக்கு ஒன்று போடுங்கள் என்றார். நான் விடவில்லை. அவசரப்படாதீர்கள், இரண்டு மாதம் பாருங்கள், உங்கள் அக்கா தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். தலையைக் குனிந்து பொறுமையாகக் கேட்டார்.

"பெர்மிட் வரும்போது வரட்டும் அத்தான். அது வரைக்கும் தினம் காலையில அவ முகத்தைப் பார்த்துக்கிட்டு நான் எப்படி ரொட்டி தின்பேன்?"

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். ஸ்டாஃபின் உறவினர் என்று கட்டணத்தில் கொஞ்சம் தள்ளுபடிகூடக் கிடைத்தது. என்னால் முடிந்த உதவி!

மரகதம் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பான் என்று ஐந்தாம் நாள் சொன்னாள். எந்த வார்த்தை என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

கப்பல் போகிற அன்று துறைமுகத்தில் நிற்க இடமில்லை. வேலை போனவர்கள், வேலை போனவர்களின் பெண்டாட்டிகள், தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நடு வருஷத்தில்கூட அல்ல, ஆரம்பத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்பிய பிள்ளைகள். இங்கேயே பிறந்த ஒரு சின்னப் பெண், ஊரில் பஸ் உண்டா என்று தன் அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அழாதவர்கள் யார் என்று தேடினால், வழியனுப்ப வந்த எங்கள் கப்பல் ஆபீஸ்காரர்கள் நாலு பேர். கப்பலுக்குக் கப்பல் பார்த்துப் பார்த்து எங்களுக்கு மரத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு எனக்கும் கண்ணீர் மறைத்தது.

மரகதம் தம்பி சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு, இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் காலையில் கேட்கிற அந்தக் கேள்வியைத்தான் கேட்டாள்.

"பசியாறிட்டியா?"

"நீ?" என்றார் சிங்காரம்.

"ம்" என்றாள். அன்று காலை எங்கள் வீட்டில் யாருமே சாப்பிடவில்லை.

கப்பல் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மரகதம் பட்ஜெட்டைத் திருத்த உட்கார்ந்தாள். மகள் பெருக்கினாள். அரிசியில் ஓர் ஆள் குறைத்தாள். அதுதான் பாய் கண்டுபிடித்த முக்கால் மூட்டை. பருப்பில் ஓர் ஆள், எண்ணெயில் ஓர் ஆள், மதியத்தில், ராத்திரியில்... அழுதுகொண்டேதான் குறைத்தாள். என் வெற்றிலை பாக்கைத் திரும்பச் சேர்த்தாள். வேண்டாம் என்றேன்.

கடைசியில் பசியாறலுக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். ஐந்து பேர் என்று போட்டிருந்தது. வீட்டில் இப்போது இருப்பதும் ஐந்து பேர்தான்.

இத்தனை வருஷத்தில் அந்த ஓர் எண் மட்டும் எங்கள் வீட்டில் சரியாக இருந்ததே இல்லை. சரியாக வருவதற்கு ஓர் ஆள் கப்பலேற வேண்டியிருந்தது.