பூனைமுடி ஒட்டிய இடதுகால் ஷூ

என் மேசையின் மேல் ஒற்றை ஷூ இருக்கிறது. இடது கால். வெளிர்நீலத் துணி, வெள்ளை ரப்பர் சோல், லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கில் நூல்கட்டித் தொங்கும் ஒரு அட்டை. அட்டையில் முத்திரையும் கையெழுத்தும். இதே மாதிரிதான் மற்றதெல்லாம் தைத்து வர வேண்டும் என்று அமெரிக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டு அனுப்பிய சாம்பிள் அது. சாம்பிளுக்கு ஜோடி கிடையாது. எங்கள் தொழிலில் ஒற்றைக் காலாகப் போகும், ஒற்றைக் காலாகவே திரும்பி வரும். திருப்பிப் பார்த்தால் அடிப்பாகத்தில், தரையில் படுகிற இடத்தில், சாம்பல் நிறத்தில் மெல்லிய துணித் துகள் படர்ந்திருக்கும். தடவினால் பூனையின் முதுகைத் தடவுகிற மாதிரி இருக்கும். தொழிற்சாலையில் அதற்குப் பூனைமுடி என்றே பெயர். அந்தப் பெயரை வைத்தவர் மூன்றாம் லைன் சூப்பர்வைசர் அக்கா.

விழுப்புரத்தில் டிகிரி முடித்த கையோடு திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஷூ தொழிற்சாலையில் சேர்ந்தேன். வாங்குகிற கம்பெனிகளுக்கு மெயில் எழுதுகிற பிரிவு. காலை ஆறு மணிக்குக் கோலியனூர் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் ஏறுவேன். அக்காவும் அங்கேதான் ஏறுவார். தையல் மெஷினில் ஹெல்பராகச் சேர்ந்து, டெய்லராகி, நாற்பது பெண்கள் இருக்கிற லைனுக்கே சூப்பர்வைசராக உயர்ந்தவர். லைன் ஓரத்தில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. உட்கார நேரமே இருக்காது. ஆனாலும் வேறு யாராவது அதை நகர்த்தினால் கோபம் வந்துவிடும். "எங்க வம்சத்துலயே நாற்காலி போட்டுக் குந்தி வேலை செஞ்ச மொத ஆளு நான்தான்" என்பார். அவருடைய அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கி, கூலியை வரப்பில் நின்று கைநீட்டி வாங்கியவர்கள். அக்காவும் பதினெட்டு வயதுவரை அதைச் செய்தவர்தான். "செத்தாலும் இனிமே அந்த வரப்புல கால் வெக்க மாட்டேன்" என்று சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது.

சேர்ந்த புதிதில், சோலுக்கு அடியில் துகள் ஒட்டுகிற மெஷினைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றேன். அக்கா பக்கத்தில் வந்து, "இன்னா பாக்குற? ரெண்டு நாளு தார் ரோட்டுல நடந்தா பூனைமுடி மொத்தமும் பூடும். இத எதுக்கு ஒட்றோம்னு எவனும் சொல்ல மாட்டேன்றான்" என்றார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அமெரிக்கச் சுங்க வரிப் பட்டியலை இறக்கி, வரி வரியாகப் படித்துக் கண்டுபிடித்தேன். தரையில் படுகிற இடத்தில் ரப்பரைவிடத் துணி அதிகமாக இருந்தால் அந்த நாட்டில் அது வேறு வகைச் செருப்பு; அதற்கு வரி குறைவு. நடக்கிறவருக்காக அல்ல, துறைமுகத்தில் திருப்பிப் பார்க்கிற அதிகாரிக்காக ஒட்டுகிற முடி. மறுநாள் பஸ்ஸில் இதைச் சொன்னதும் பின்சீட்டு வரைக்கும் சிரிப்பு. "வரி மேடம்" என்று அன்றைக்கு எனக்குப் பெயர் வைத்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு பஸ்ஸில் தினமும் வகுப்புதான். விக்கிரவாண்டி டோல்கேட் வந்தால் போதும், எனக்கு உதாரணம் கிடைத்துவிடும். "டோல் கட்றது பஸ்காரர். ஆனா அது யார் தலையில விடியுது? டிக்கெட் வாங்கறவங்க தலையில. இறக்குமதி வரியும் அதே மாதிரிதான். வரி போடறது அந்த நாட்டு அரசாங்கம், கட்டறது அந்த நாட்டு இறக்குமதிக்காரன், கடைசியில கொடுக்கறது அந்த ஊர்க் கடையில ஷூ வாங்கற அம்மா" என்று கூட்டேரிப்பட்டு வரும்வரை பேசுவேன். "பஸ்காரன் டிக்கெட்ட ஏத்தாம டிரைவரு சம்பளத்துல புடிச்சா?" என்று அக்கா ஒருநாள் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது பதில் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

அப்புறம் அமெரிக்கா நம் நாட்டிலிருந்து போகிற சரக்குக்கெல்லாம் கூடுதல் வரி போட்டது. நம் அரசாங்கம் வேறு எங்கோ எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை என்றார்கள். மூன்றாம் லைனில் பசை தடவிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்திக்கும் அந்த எண்ணெயில் ஒரு சொட்டுத் தொடர்பு கிடையாது. நான் மறுபடியும் பட்டியலை விரித்தேன். பூனைமுடி மாதிரி ஒரு சந்து இருக்கும், கண்டுபிடித்துவிடலாம் என்ற வெறி. இரண்டு வாரம் தேடினேன். கிடைக்கவில்லை. பழைய வரி ஷூவின் அடியைத் திருப்பிப் பார்த்தது. இது அடியையும் பார்க்கவில்லை, மேல்பாகத்தையும் பார்க்கவில்லை, எங்கே செய்தது என்று மட்டும் பார்த்தது. அக்காவிடம் அதைத்தான் சொன்னேன். அவர் கையிலிருந்த சோலைக் கீழே வைத்தார். "பொறந்த எடத்தப் பாத்தா வரி போடறான்? எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்கறது நம்ம பக்கத்துல மட்டும்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

அந்த வாரம்தான் கண்டமங்கலம் பக்கத்திலிருந்து அவருக்கு ஒரு வேலை வந்தது. உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கறுப்பு ஷூ செய்கிற சிறிய கம்பெனி. சூப்பர்வைசர் வேலை, சம்பளம் கொஞ்சம் குறைவு, கோலியனூரிலிருந்து ஒரே பஸ். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ படிச்சவ. உள்ள வர்ற மெயிலெல்லாம் பாக்கறவ. தோ பாரு, எனக்கு அமெரிக்காவப் பத்தித் தெரியாது. மறுபடி கழனிக்குப் போவக் கூடாது, அவ்ளோதான். போவட்டா, இருக்கட்டா?"

"இருங்கக்கா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. "அங்க விலை ஏறும். அந்த ஊரு ஜனமே கத்தும். மூணு மாசத்துல இறக்கிடுவாங்க. நீங்க போயிட்டா சீனியாரிட்டி போயிடும்." அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு, "செரி, வரி மேடம் சொன்னா செரி" என்று எழுந்து போனார்.

நான் சொன்னதில் பாதி நடந்தது. அங்கே விலை ஏறத்தான் செய்தது, ஜனம் கத்தவும் செய்தது. ஆனால் அதற்கு முன்பே அமெரிக்கக் கம்பெனியிடமிருந்து எங்களுக்கு மெயில் வந்துவிட்டது: வரியில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொள்கிறோம் என்று பதில் டைப் செய்தவள் நான்தான். டிரைவர் சம்பளத்தில் பிடிப்பது என்றால் என்ன என்று அப்போது புரிந்தது. முதலில் ஓவர்டைம் போனது. பிறகு வாரத்தில் இரண்டு நாள் வேலை இல்லை. பிறகு வெளிர்நீல ஷூவின் ஆர்டரே வேறு நாட்டுக்குப் போனது. மூன்றாம் லைன் பெண்களை வீட்டிலேயே இருங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை. கண்டமங்கலத்தில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டிருந்தார்.

கடைசி நாளில், ரத்தான வெளிர்நீலச் சரக்கில் ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன் அமெரிக்கக் கம்பெனியின் பெயர் இருக்கிற துணியைப் பிளேடால் அறுத்து எடுக்க வேண்டும், அது ஒப்பந்தம். தாங்கள் தைத்த பெயரை மூன்றாம் லைன் பெண்கள் தாங்களே அறுத்து எடுத்தார்கள். அக்கா அறுத்த துணிகளை ஒரு டப்பாவில் போட்டு எண்ணிக்கை சரிபார்த்து என்னிடம் ஒப்படைத்தார், ஒன்றும் குறையாமல். "பையனுக்கு ஸ்கூல் ஷூ கேட்டன் விழுப்புரத்துல. போன வருசத்துக்கு ரொம்ப ஏறிக்கீது. கேட்டா, வெளிநாட்டு சோலுக்கும் பசைக்கும் நம்ம கவர்மெண்டு வரி போட்டுச்சாம். அங்க வரி போட்டா என் வேல பூடுது, இங்க வரி போட்டா என் புள்ள ஷூ வெல ஏறுது. ரெண்டு டோல்கேட்டும் என் வூட்டு வாசல்லயே கட்டிக்கிறானுங்களா?" என்று கேட்டார். உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்றத்தான் அந்த வரி என்று என் வாய்வரை வந்தது. நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

எனக்கு வேலை போகவில்லை. மெயில் எழுத ஆள் எப்போதும் வேண்டும். இப்போது பஸ்ஸில் பாதி சீட் காலி. டோல்கேட்டைக் கடக்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அமெரிக்காவில் வரியைக் குறைத்துவிட்டார்கள் என்ற செய்தியும் ஒருநாள் வந்தது. அதற்கு மறுநாள் காலை கோலியனூர் கூட்டுரோட்டில் ஒரு லோடு ஆட்டோ நின்றிருந்தது. மல்லாட்டை பிடுங்கப் போகிற பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஓரத்தில், காலைத் தொங்கப்போட்டபடி அக்கா.

"இன்னா வரி மேடம், சாப்ட்டியா?"

"வரியக் கொறச்சிட்டாங்கக்கா" என்றேன்.

"அப்ப ஆர்டரு வந்துச்சா?"

"இல்லக்கா. அது போனது போனதுதான்."

"அப்பறம் அத எதுக்கு எங்கிட்ட சொல்ற?" குரலில் கோபமே இல்லை, கோபம் இருந்திருந்தால் நான் அழுதிருக்கலாம். ஆட்டோ கிளம்பியது. அவர் இடது காலைத் தூக்கி ஷூவின் அடியை எனக்குக் காட்டினார். வெளிர்நீலம் செம்மண் நிறமாகியிருந்தது. "பாரு, பூனைமுடி ஒண்ணு இல்ல. ரெண்டே நாளு. நான் அன்னிக்கே சொன்னேன்" என்று கத்தினார். உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

பஸ் வந்தது. ஏறினேன். மேசைக்குப் போய், சாம்பிளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதன் அடியில் பூனைமுடி ஒரு இழைகூட உதிரவில்லை. அதைப் போட்டுக்கொண்டு யாரும் எங்கேயும் நடக்க வேண்டியிருக்கவில்லை.