மூன்றாவது வேட்டு

சில வருடங்களுக்கு முன், திருமங்கலம் பக்கம் நான் சமூக அறிவியல் டீச்சராக வேலை பார்க்கும் பள்ளியின் ஆண்டு விழாவில் நடந்தது இது.

முதல் உலகப்போரில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னை மீது குண்டு வீசியதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நாடகமாகப் போட்டேன். அட்டையில் கப்பல். துறைமுகத்து எண்ணெய் டாங்கிக்கு ஒரு காலித் தகர டிரம். பயந்துபோன சனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடுவதுதான் சிரிப்புக் காட்சி. குண்டுச் சத்தத்துக்கு என்ன செய்வது? எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் யோசனையே வேண்டாம், கோயில் திருவிழாவுக்கு வேட்டுப் போடுகிறவரையே கூட்டி வந்துவிட்டோம்.

ஒத்திகையில் இந்த வாலுகள் சிரித்துக்கொண்டே முன்கூட்டி ஓடின. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணாவது வேட்டு வெடிச்சாத்தான் எந்திரிச்சு ஓடணும். அதுவரைக்கும் குப்புறப் படுத்து கண்ணை மூடிக்கங்க. நானே கூப்பிட்டாலும் அசையக் கூடாது!" என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

விழா அன்று பொழுது சாய்ந்ததும் நாடகம் தொடங்கியது. மேடைக்குக் கீழே மைதானத்தில் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். முதல் வேட்டு வெடித்தது. ஊர் இருண்டுபோனதாகக் காட்ட மெயினை அணைத்தோம். அதோடு மைக்கும் போய்விட்டது. இரண்டாவது வேட்டு வெடித்த அதிர்ச்சியில், அப்போதுதான் திரி பற்றவைத்திருந்த மூன்றாவது வேட்டு மைதானத்து ஓர மேட்டிலிருந்து சரிந்து உருண்டு, பிள்ளைகளுக்குப் பக்கத்தில், அட்டைக் கப்பலை ஒட்டி வந்து நின்றது.

"டீச்சர்! புள்ளைகள எந்திரிக்கச் சொல்லுங்க! திரி இன்னும் புகையுது!" என்று வேட்டுக்காரர் அலறினார்.

"ஓடுங்க! எந்திரிச்சு ஓடுங்க!" என்று மேடையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். ஒன்றும் அசையவில்லை. ஒரு சிறுமி மட்டும் தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"மிஸ், இன்னும் ரெண்டுதான் வெடிச்சிருக்கு!"

இறங்கி ஓடி ஒவ்வொன்றாகத் தூக்க நேரமில்லை. சத்தம் கேட்டால்தான் எழுவார்கள். பக்கத்தில் இருந்த தகர டிரம்மை என் பலம் எல்லாம் சேர்த்து சிமெண்ட் படியில் உருட்டித் தள்ளினேன். டமார் டமார் என்று விழுந்தது. பிள்ளைகள் துள்ளி எழுந்து, சொல்லிக்கொடுத்தபடியே மூட்டையும் கையுமாகக் கூச்சல் போட்டுக்கொண்டு பெற்றோர் பக்கம் ஓடினார்கள். கடைசிப் பிள்ளை நாற்காலி வரிசைக்குள் நுழைந்ததுதான் தாமதம், வேட்டு வெடித்துக் கப்பல் கிழிந்து பறந்தது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டியது. நான் இருட்டில் இறங்கி ஓடி, ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்தேன். "கப்பல் வெடிச்சது அம்புட்டு தத்ரூபம் டீச்சர்!" என்றார் ஒரு அப்பா. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

எம்டன் பாடத்தை இப்போதும் நடத்துகிறேன். சனங்கள் ஊரைவிட்டு ஓடியதைச் சொன்னதும் வகுப்பு சிரிக்கும். எனக்கு மட்டும், அந்தக் காலத்தில் எம்டனுக்குப் பயந்து ஓடினவர்களில் யாருடைய பிள்ளையும் பின்னால் தங்கிவிடாமல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.