பிடுங்கிய நல்ல பற்கள் இரண்டு

மரக்காணத்தில் பல் டாக்டராக நான் செய்த தவறுகளில் இது ஒன்று மட்டும் ஆறவில்லை. புதிதாக கிளினிக் திறப்பவர்கள் படிக்கட்டும்.

வள்ளிக்கு அப்போது பத்தொன்பது வயது. உப்பளத்தில் உப்பு வாருகிறவள். கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி வலிக்கிறது என்று அவள் அம்மா கூட்டிவந்தாள். எக்ஸ்ரே எடுத்தேன். சொத்தைக்கு முன்னால் இருந்த இரண்டு பற்களின் வேருக்கடியிலும் தாடை எலும்பு கருப்பாக, ஓட்டையாகத் தெரிந்தது. சீழ் பரவிவிட்டது என்று முடிவுகட்டினேன்.

"முன்னாடி இருக்கிற ரெண்டும் வலிக்கலியே சார்," என்றாள் வள்ளி.

"சும்மா இருடி, டாக்டருக்குத் தெரியாதா?" என்று அதட்டிய அம்மா என் பக்கம் திரும்பினாள். "மூணையும் இன்னிக்கே புடுங்கிடுங்க சார். சீசன்ல ரெண்டாவது தபா வர முடியாது. இவ போவலன்னா வேற ஆள வெச்சிடுவாங்க."

கோடை முழுக்க இங்கே இப்படித்தான். ஒரே நாளில் முடித்துக் கொடுப்பவன்தான் நல்ல டாக்டர். அந்தப் பெயர் எனக்கும் பிடித்திருந்தது. பிடுங்கினேன்.

குழிக்குள் கருவியை விட்டுப் பார்த்தேன். சீழ் இல்லை, கட்டி இல்லை. வெறும் பொந்து. புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த தாடை சர்ஜனுக்கு போன் செய்தேன்.

"ஏம்பா, பல்லு மேல ஐஸ் வெச்சுப் பாத்தியா? கூசுச்சா?"

"வெக்கல சார்."

"இது சிம்பிள் போன் சிஸ்ட்பா, எலும்புக்குள்ள தானா வர்ற வெறும் பொந்து. அபூர்வம், ஆனா கேன்சர் கீன்சர் இல்ல. எலும்பத் திறந்து உள்சுவர சுரண்டி விட்டா ரத்தம் ரொம்பி எலும்பு தானா வளந்துடும். பல்லு உயிரோடதான் இருக்கும். அத எதுக்குடா புடுங்கின?"

ஐஸ் கூசினால் பல் உயிரோடு இருக்கிறது, கோளாறு வேறெங்கோ என்று அர்த்தம். இரண்டு நிமிட வேலை. அம்மாதான் கேட்டாள் என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். பல் மருத்துவம் படித்தது அவளா, நானா?

சர்ஜன் தான் சொன்னபடியே ஆபரேஷன் செய்தார். மறு வருடம் மழைக்கு உப்பளம் மூடியதும் வள்ளியும் அம்மாவும் வந்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நிறைந்திருந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. "அந்த ரெண்டும் நல்ல பல்லும்மா. பாக்காம புடுங்கிட்டேன். என் தப்பு," என்றேன்.

அம்மா கையை இறக்கினாள். வள்ளி என்னையே பார்த்தாள்.

"வேற யாருக்கும் இப்பிடிப் புடுங்கியிருக்கீங்களா சார்?"

தெரியாது என்றேன். சோதித்தே பார்க்காதவனுக்கு எப்படித் தெரியும்?