உத்தரத்தில் கட்டிய வேட்டி

“...அதான் கேக்கேன் மாப்ளே, எந்த எடத்துல ஆபரேஷன்? பொண்ணக் குடுக்கவன் கேக்கக் கூடாதா?”

புளியங்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய என் வருங்கால மாமனார், நான் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையின் வாசலில் நின்றே கேட்டார். எழுபதுகளின் கடைசி. கல்யாணத்துக்கு இருபத்தைந்து நாள் இருந்தது. நானோ மல்லாக்கக் கிடக்கிறேன். இடுப்பு வேட்டியின் நடுவில் ஒரு சணல் கயிறு, மறுமுனை உத்தரத்தில். சர்க்கஸ் கூடாரம் மாதிரி கிடப்பவனைப் பார்த்து எந்த இடம் என்கிறார் மனிதர்.

தோல் இறுக்கம். பின்னால் தள்ள வராது. உள்ளே அழுக்குச் சேர்ந்து புண்ணாகி, ஒன்றுக்குப் போனால் உயிர் போகும். வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். “அந்த எடத்தைத் தினமும் கழுவுவீரா?” என்று அவர் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாங்கள் எப்பேர்ப்பட்ட சுத்தக்காரர்கள்! விடியக் குளிப்போம், நெற்றி நிறையப் பூசுவோம், செம்பைப் புளிபோட்டு விளக்குவோம். பள்ளிக்கூடத்தில் நகத்தைக்கூட வரிசையில் நிறுத்திப் பார்த்தார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்று இருப்பதை மட்டும் ஊரே கூடி மறந்திருந்தது. அதைப் பற்றிப் பேசினால்தான் அசிங்கம், அழுகினால் அசிங்கமில்லை.

“குடலிறக்கம், மாமா” என்றேன். மானத்தைக் காப்பாற்றிவிட்ட நினைப்பு.

அவர் முகம் கறுத்தது. “ஒரு கொடம் தண்ணி தூக்க முடியாதவனுக்கா எம் மகளக் குடுப்பேன்? நிச்சயத் தட்ட நாளைக்கே திருப்பி அனுப்புதேன்.”

அந்நேரம் கஞ்சித் தூக்குவாளியோடு பாய் நுழைந்தார். நூல் கடையில் என்னோடு வேலை பார்த்த கடையநல்லூர்க்காரர். துணி புண்ணில் உரசாமலிருக்க, அவர்கள் வீட்டு வழக்கப்படி என் வேட்டியை உத்தரத்தில் கட்டியவரே அவர்தான்.

“ஏன்வே பொய் சொல்லுதீரு? அண்ணாச்சி, இவருக்கு சுன்னத்து பண்ணிருக்கு. எங்க வீட்டுல இதுக்கு மாலை போட்டு, மார்க்கக் கல்யாணம்னு ஊருக்கே சோறு போடுவோம். உம்ம மருமவன் என்னடான்னா கொலை பண்ணினவன் கணக்கா ஒளிஞ்சு கெடக்காரு.”

“ஐயோ, மதம் மாறிட்டாரா?”

“டாக்டரு தோல வெட்டினா மதம் எங்கன மாறும்? தோலு இறுக்கம், வெட்டியாச்சு. இனிமே தண்ணி ஊத்திக் கழுவினா சுத்தம்.”

மாமனார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். என் தலைமாட்டில் குத்தவைத்தார். குரல் கிணற்றுக்குள் இறங்கியது.

“ஒண்ணுக்குப் போனா நுனி ஊதிக்கிட்டு எரியுமோ, மாப்ளே?”

“ஆமா மாமா.”

“இருவது வருசமா சூடுன்னு நெனச்சு வெந்தயமா தின்னு தீக்கேன். ஆற எத்தன நாளு?”

“பதினஞ்சு நாள்னாரு டாக்டர்.”

விரல்விட்டு எண்ணினார். “அப்போ முகூர்த்தத்துக்கு நாம ரெண்டு பேரும் எந்திரிச்சு நின்னுரலாம், என்ன?”

என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டு, பாயின் சைக்கிளில் பின்னால் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வரிசையில் நின்றார்.