காசிம் நானாவின் பெருவிரல்

போன கிழமை எங்கள் அன்புவழிபுரத்து ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் ‘படார்’ என்று வெடித்துவிட்டுப் போனது. வெடிச்சத்தம் கேட்டால் உள்ளே ஓடிக் கதவைச் சாத்துவதில் எங்கள் ஊரவர் பட்டதாரிகள். எல்லோரும் ஓடினார்கள். நான் மட்டும் வாசல் படலைக்குப் போய் நின்று, “டைமிங் பிழை. பிளக்கிலை பொறி நேரத்துக்கு விழேல்லை” என்று தீர்ப்புச் சொன்னேன். மனைவி யன்னலால் எட்டிப் பார்த்து, “அறிஞ்சது காணும், போய்க் கை வச்சிடாதேங்கோ” என்றாள். அவளுக்கு என் சரித்திரத்தில் பாதிதான் தெரியும்.

புகையில் மண்ணெண்ணெய் மணந்தது. பெற்றோலுக்குள் கலந்திருப்பான். அந்த மணம் வந்தாலே எனக்குத் தம்பலகாமத்து மாமாவின் டிராக்டர் ஞாபகம்தான். வெள்ளைக்காரத் துரை ஒருவர் நாட்டை விட்டுப் போகும்போது தலைமுழுகிய வண்டி அது. பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஒரு நாள் உழுதால் மூன்று நாள் ஓய்வெடுக்கும். அரசாங்க உத்தியோகத்துக்குப் பொருத்தமான பிறவி.

அதை ஓட்டியவர் கிண்ணியாக் காசிம் நானா. முன்னால் இரும்புக் கைபிடியைச் செருகி ஒரே இழுவையில் கிளப்ப அவரால்தான் ஏலும். அந்தக் கைதான் அவர் வீட்டில் ஆறு பேருக்குச் சோறு போட்டது. ஆனால் ஒரு வருடம், குளத்துத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்த அன்றே வண்டி இழுவையில்லாமல் வெடிக்கத் தொடங்கியபோது, மாமா நானாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஆள் அனுப்பினார். நான் துறைமுகத்துப் பட்டறையில் இரண்டு வருடம் வேலை பழகியவன். இரண்டு வருடமும் துரு உரஞ்சியதையும் தேத்தண்ணீர் சுமந்ததையும் நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. நாலு நாளுக்குள் உழாவிட்டால் தண்ணீர் அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடும் என்று மாமா கையைப் பிசைந்தார். நான் ஒரு பெரிய டொக்டரைப்போலத் தலையாட்டினேன்.

பிளக்குகளுக்கு முறை வைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ரிபியூட்டரைக் கழற்றித் துடைத்தேன். கழற்றுவது சுகம். திரும்பப் பூட்டும்போதுதான் பொறி எப்போது விழவேண்டும் என்ற வில்லங்கம் வரும்.

“தம்பி, மொத பிளக்கக் கழட்டி அந்த ஓட்டையில பெருவிரல வைங்க. நான் மெதுவாச் சுத்துறன், காத்து விரலத் தள்ளுற நேரம்தான் கணக்கு” என்றார் நானா.

“துறைமுகத்திலை விரலாலை வேலை செய்யிறேல்லை நானா. அடையாளம் பாத்துத்தான் செய்யிறது” என்றேன். அடையாளமும் கிடைத்தது. எஞ்சினுக்கு முன்னால், கைபிடியோடு சேர்ந்து சுற்றும் சக்கரத்தின் விளிம்பில் அழகான வெள்ளைப் புள்ளி.

“இந்தப் புள்ளி முந்தி இல்லியே தம்பி.”

“முந்தி நீங்கள் வடிவாப் பாத்திருக்க மாட்டீங்கள்.”

புள்ளிக்கு நேராகப் பூட்டிவிட்டு, “இப்ப சுத்துங்கோ” என்று உத்தரவிட்டேன். நானா சுற்றினார். பொறி முந்தி விழுந்தது. கைபிடி எதிர்ப்பக்கமாகத் திரும்பி அடித்ததில் அவருடைய மணிக்கட்டு முறிந்தது. அவர் மண்ணில் குந்திவிட்டார். மாமா என்னைப் பார்த்தார். என் வாய் மட்டும் டைமிங் பிழைக்காமல் வேலை செய்தது. “பெருவிரலை மடக்கிப் பிடிச்சிட்டார் மாமா. அப்பிடிப் பிடிக்கக் கூடாது.”

நானாவை முறிவு வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். மத்தியானம் சோறு கொண்டு வந்த மாமி வண்டியைச் சுற்றி வந்து, சந்தோசமாகச் சொன்னார்: “சரஸ்வதி பூசைக்கு நான் வச்ச பொட்டு இன்னும் அழியேல்லை, பாத்தியே. சந்தனம் வச்சா மழையிலை போகுதெண்டு இந்த முறை வெள்ளைப் பெயின்ரிலை வச்சனான்.”

சோற்றை மூடி வைத்தேன். மாமி போனபின் சக்கர விளிம்பில் அப்பியிருந்த கிறீசைச் சுரண்டினேன். பொட்டுக்கு நாலு விரற்கடை தள்ளி உண்மையான கோடு கிடந்தது. ஓட்டையில் பெருவிரலை வைத்து மற்றக் கையால் மெல்லச் சுற்றினேன், காற்றுத் தள்ளியது. கோடும் நேருக்கு வந்து நின்றது, அதன்படி திரும்பப் பூட்டினேன். இரண்டு பேர் மாறிமாறிச் சுற்ற வண்டி கிளம்பியது. வயலும் உழுதாகிவிட்டது. “துறைமுகப் படிப்பெண்டால் சும்மாவே” என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். நானும் பணிவாகச் சிரித்தேன்.

நானாவின் கை கோணலாகத்தான் பொருந்தியது. மாமா வேறு ஆளைப் பிடித்தார். நானா கிண்ணியாத் துறையடியில் தேத்தண்ணீர்க் கடை போட்டார். எட்டுப் பத்து வருடம் கழித்து, அக்கரை போகும் பாதைப் படகுக்குக் காத்திருந்தபோது அந்தக் கடைக்குள் போனேன். என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார். பக்கத்தில் இருந்த டிராக்டர்காரர்களுக்குக் கோணல் கையைத் தூக்கிக் காட்டினார்.

“கைபிடியில பெருவிரல மடக்கிப் பிடிக்காதீங்க. நான் பிடிச்ச பிழைக்குத்தான் இது. அண்டைக்கே கண்டுபிடிச்சுச் சொன்னவர் இந்தத் தம்பிதான்.”

நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். படகு வர இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

இப்போது அங்கே பாலம். படகும் இல்லை, கடையும் இல்லை. மாமாவின் டிராக்டர் இரும்புக்குப் போனது. நானா மௌத்தாகி அடக்கமும் முடிந்த செய்தி எனக்கு இரண்டு மாதம் பிந்தித்தான் வந்தது. கடைசிவரை கை தன் பிழையால் போனதென்றே நம்பியிருந்தாராம்.