எங்கள் கார் போன ஊர்

எங்கள் பழைய டீசல் கார் வாகனப் பரிசோதனையில் தேறவில்லை. புகைவடிகட்டி போய்விட்டது, புதிதாகப் போட்டால் காரின் பெறுமதியையும் தாண்டிவிடும் என்று கராஜ்காரர் கையை விரித்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

சுவிட்சர்லாந்தில் நாங்கள் இருக்கிற எம்மன்புரூக்கேயில் கொஞ்சம் பழைய காரை எங்கே நிறுத்தினாலும் கண்ணாடி இடுக்கில் ஒரு சிறு அட்டை செருகியிருக்கும். ஆப்பிரிக்காவுக்குக் கார் அனுப்புகிறவர்கள் வைப்பது. எப்போதும் கசக்கி எறிகிற நான், அந்த முறை ஒன்றைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கறுப்பு மக்களின் விடுதலையும் காலநிலையும் ஒரே வழக்கு என்று எழுதிய பதாகையோடு ஊர்வலம் போகிறவள். "ஒரு ஊர்வலத்துக்கு ஒரு கவலை போதாதோ?" என்று நான் பகிடி பண்ணுவேன்.

"அம்மா, இஞ்ச ஓடக்கூடாத கார் அங்க மட்டும் ஓடலாமோ? அந்தச் சனத்துக்கும் நெஞ்சு இருக்குத்தானே."

"விக்கிற எனக்கும் சம்மதம், வாங்கிற மனிசனுக்கும் சம்மதம். நடுவில உனக்கென்ன? போய்ப் படி."

வீம்புக்குச் சொன்னேனே தவிர, நெஞ்சுக்குள் அது முள்ளாகக் குத்தியது. நாங்கள் அகதிகளாக வந்த காலத்தில் ரயில் நிலையத்தில் பொலிஸ் மறிப்பது எங்களைத்தான். இப்போது எங்களை விட்டுவிட்டு ஆப்பிரிக்கர்களை மறிக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்ததில்லை, நிம்மதிதான் வந்தது. எங்கள் வீடுகளில் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அதை இங்கே எழுதக் கூசுகிறது. சொல்லும்போது ஒருநாளும் கூசியதில்லை.

அட்டைக்காரர் வந்தார். டோகோ நாட்டவர், மிகவும் மரியாதையான மனிதர். இருவருக்கும் வந்த ஜெர்மனில் பேசிக்கொண்டோம். எஞ்சினை முடுக்கியதும் பின்னால் கரும்புகை எழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சிரித்தார். பிரச்சினை இல்லை, அங்கே போனதும் அந்த வடிகட்டியை வெட்டி எடுத்துவிடுவோம், அங்கே யாரும் சோதிப்பதில்லை என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

விற்கிற காரில் சாமியை விட்டுவைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். யார் கையில் போய் என்ன பாடுபடுமோ என்ற பயம். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த முருகன் படத்தைக் கத்தியால் சுரண்டத் தொடங்கினேன். அவர் தடுத்தார்.

"இருக்கட்டும். கார் என் தங்கைக்குத்தான். அவளுடைய கடைசிப் பிள்ளைக்கு இழுப்பு நோய். தூசியில் நடந்து பள்ளிக்கூடம் போக முடியவில்லை. உங்கள் கடவுளும் கூடப் போனால் நல்லது."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை நடந்து போகிற தெருவில்தான் இந்தப் புகையும் இறங்கப் போகிறது என்று எனக்குத் தெரியும். வடிகட்டியை மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முருகனை விட்டுக்கொடுத்துவிட்டுப் பெரிய தர்மம் செய்தவளைப் போல வீட்டுக்குள் போனேன். வெட்கமாக இருக்கிறது.

பிறகு மின்சாரக் கார் வாங்கினோம். அட்லிஸ்வில் முருகன் கோவிலில் பூசை. சக்கரத்தின் கீழே வைத்த தேசிக்காய் நசிந்ததும் சுற்றி நின்றவர்கள் பாராட்டினார்கள். சத்தமும் இல்லை, புகையும் இல்லை என்று ஒருவர் வியந்தார். அந்த நேரம் பார்த்து காரை வாங்கிய டோகோக்காரரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது.

எங்கள் பழைய கார். உள்ளே மூன்று பிள்ளைகள் கையசைக்கிறார்கள். கார் கிளம்புகிறது, கரும்புகை தெருவை மூடுகிறது. வாசலில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த பெண்ணொருத்தி முந்தானை போன்ற துணியால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். காருக்குள் சின்னவன் இருமுகிறான். இருமி முடித்துவிட்டு மறுபடியும் கையசைக்கிறான். கீழே, மிக்க நன்றி அம்மா என்று எழுதியிருந்தார்.

மகள் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். பிள்ளைகள் நல்ல அழகு என்று பதில் எழுதினேன்.

"இன்னொண்டையும் எழுதுங்கோவன் அம்மா," என்றாள் மெதுவாக.

"என்னத்தை?"

"எங்கட காத்து இப்ப நல்லாயிருக்கு எண்டு."